தண்ணீர் குடிக்கப் போனவர்

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றால் எங்களில் யாரோ தப்புச் செய்திருக்கிறோம் என்று பொருள். ஜன்னலோரம் இருந்த தண்ணீர் கேனில் டம்ளரை நிறைப்பார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குடிப்பார். பிடரியைத் தடவிக்கொள்வார். தாகம் அடங்காதவர் போல இன்னொரு டம்ளர் பிடிப்பார். அப்புறம் மெல்ல நடந்துவந்து யாராவது ஒருவருடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். எங்கே நிற்கப்போகிறார் என்று தெரியும்வரை நாங்கள் அத்தனை பேரும் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருப்போம்.

"ஏனுங்க, சித்தெ நேரம் இருக்குங்களா?" என்பார். தப்பு நம்முடையது. வியர்ப்பது அவருக்கு.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே காலையிலிருந்து தகரத்தை அடித்துக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் கணினிகளைக் கெடுத்துக்கொண்டிருப்போம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுதான் வேலை. ஒவ்வொரு கணினியிலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் ஓடுகிறது, கெர்னல் என்று பெயர். மெமரி சிப்பில் ஓர் இடம் திடீரென்று கெட்டுப்போனால் அந்த நிரல் பதறாமல் அந்த இடத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடர வேண்டும். தொடர்கிறதா என்று பார்க்க, சிப் நிஜமாகவே கெடும்வரை காத்திருக்க முடியாது. அதனால் "இந்த இடம் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்" என்று இயந்திரத்திடம் பொய் சொல்ல ஒரு வழி உண்டு. பிழையை நாமே உள்ளே செலுத்துவது. அந்தப் பொய்யைச் சொல்லும் பகுதியில் மாற்றங்கள் எழுதுவதும், எழுதியதைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதும்தான் எங்கள் பிழைப்பு. எழுதுவது நாங்கள். படிப்பது அவர்.

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவிடம் இதை ஒருமுறை விளக்கினேன். "கெடுக்கறதுக்கா இவ்வளவு மெனக்கெட்டுப் படிச்சே?" என்று கேட்டுவிட்டு அறுந்த இழையை முடியப் போய்விட்டார். எங்கள் தறிக் கொட்டகையில் யார் துணியில் குறை விழுந்தாலும் அப்பா கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். கத்தாவிட்டால் தறிச் சத்தத்தில் கேட்காது. குறைக்கு உரியவர் இரண்டு வார்த்தை திருப்பிக் கத்துவார். மதியத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். குசுகுசுவென்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது.

அவரோ குசுகுசுப்பதற்கென்றே பிறந்தவர். பரமத்தி வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நெட்டையான உடம்பு, அதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல் எப்போதும் கொஞ்சம் குனிந்திருக்கும். சில நாட்களில் வீட்டுத் தோட்டத்து வாழைச்சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து எல்லோர் மேசையிலும் வைப்பார். கன்றிப்போன பழத்தை முதலிலேயே பிய்த்துத் தன் டிபன் பைக்குள் ஒளித்துவிடுவார். பழம் கன்றியதற்குக்கூட அவருக்கு வெட்கம்.

நல்ல மனிதர் என்று சொல்லி முடித்துவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் அவரால் எனக்கு எரிச்சல் வந்த நாட்களே அதிகம்.

நாங்கள் எழுதும் ஒவ்வொரு மாற்றத்தையும் பேட்ச் என்போம். அதை உலகம் முழுவதும் மெயிலில் படிக்கும் ஒரு பொது மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் படித்து, அடியில் தங்கள் கருத்தை எழுதுவார்கள். "இந்த வரி முட்டாள்தனம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. எழுதியது எழுதியதுதான், யாராலும் அழிக்க முடியாது. நம் பேரப்பிள்ளைகளும் தேடிப் படிக்கலாம். எங்கள் அண்ணனுக்கு, அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், இதைத்தான் தாங்க முடியாது. எங்கள் அலுவலகத்து ஆள் எழுதியதில் குறை கண்டால் அவர் மடற்குழுவில் எழுத மாட்டார். தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, காதோடு சொல்வார். நாம் அவசரமாகத் திருத்தி, "நானே கவனித்தேன்" என்று ஒரு வரி சேர்த்து, இரண்டாம் முறை அனுப்புவோம். அதற்கு அடியில் அவர் "பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று மட்டும் எழுதித் தன் பெயரைப் போடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு பேட்ச். பிழையைச் செலுத்த வேண்டிய இடத்தின் முகவரியைப் பயனாளர் கொடுப்பார், நான் வாங்கி அப்படியே இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மடற்குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனார். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அம்மிணி, அந்த முகவரி நம்ம மெமரியோட முகவரிதானான்னு ஒருக்கா கேட்டுக்கலாமுங்களா?"

"கேக்காட்டி என்னங்கண்ணா ஆகும்?"

"மெமரின்னா பரவாயில்லீங்க, ஒதுக்கி வெச்சுட்டுப் போயிரும். வேற ஏதாச்சும் கருவியோட முகவரியா இருந்துச்சுன்னா மொத்த சர்வரும் நின்னு போயிருமுங்க. எனக்குத்தான் சரியாப் புரியலையோ என்னமோ."

அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. எனக்குத்தான் முகம் சிவந்துபோனது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அத்தோடு ஆறியிருக்கும். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். திருத்தி அனுப்பும்வரை என் பக்கமே திரும்பவில்லை.

இன்னொரு முறை, பிழை வந்தால் திரும்பிப் போகும் பாதையில், ஒரே தகவலை ஒரே நேரத்தில் இருவர் தொடாமலிருக்க நிரலில் போடும் பூட்டு ஒன்றைத் திறக்காமல் விட்டுவிட்டேன். "பூட்டை எடுத்தீங்க, போட்டீங்க. திரும்பி வர்றப்ப தெறக்காம வந்துட்டீங்க அம்மிணி. பின்னால வர்றவங்க வாசல்லயே நிக்கணுமுங்க" என்றார். பிழையைச் சமாளிக்க எழுதிய இடத்திலேயே பிழை. எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் குறை கண்டுபிடிக்கும் வேலைக்கு ஏன் வந்தார் என்று கேட்டேன். கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மத்த எடத்துல பிழைன்னா அது யாராச்சும் செஞ்சதா இருக்குமுங்க. இங்கதான் அப்படி இல்லை. சிப்பு கெட்டுப்போச்சுன்னு வெச்சுக்கறோம். யாரும் செய்யலை, யாரும் தலை குனிய வேண்டியதில்லை. எனக்கு நிம்மதியா இருக்குதுங்க."

அந்த நிம்மதியிலும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. நாம் செலுத்துகிற பொய்ப் பிழை இயந்திரத்தின் பதிவில் நிஜப் பிழை போலவே எழுதப்படும். பிறகு யாரோ ஒரு பொறியாளர் அதைப் படித்துவிட்டு, கெட்ட சிப் என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடுவார். அதனால் "இது செலுத்திய பிழை, உறுப்பில் குறையில்லை" என்று ஒரு வரி பதிவில் கட்டாயம் வர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வற்புறுத்தினார் என்று நான் எழுதக்கூடிய ஒரே விஷயம் அதுதான்.

"ஒரு வரி சேத்துருங்க அம்மிணி. நல்ல சிப்பு மேல பழி உழுகக் கூடாது, பாவம்."

சிப்புக்குப் பாவம் பார்க்கிறவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சேர்த்தேன்.

டீக்கடைக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஒருநாள் மாஸ்டர் மறதியாகச் சர்க்கரை போடாமல் அவருக்கு டீ கொடுத்துவிட்டார். இவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தார். சர்க்கரை போடாததைப் பிறகு கவனித்த மாஸ்டர், ஒன்றும் சொல்லாமல் குடித்ததால் இவருக்குச் சர்க்கரை ஆகாது போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அதற்குப் பிறகு தினமும் கவனமாகச் சர்க்கரை இல்லாமலே போட்டார். இவரும் தினமும் குடித்தார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்ததாம். ஒருநாள் டீயைக் குடிக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கேட்டேன், சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நேராக மாஸ்டரிடம் போய், "இவருக்குச் சர்க்கரை நோயெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நீங்கதான் மறந்துட்டீங்க. இத்தனை நாளா கசக்கக் கசக்கக் குடிச்சுட்டு இருக்கார்" என்றேன். மாஸ்டர் பதறிப்போய்க் கையைப் பிசைந்தார். நான் பெரிய உபகாரம் செய்துவிட்ட மிதப்பில் திரும்பினேன்.

மறுநாளிலிருந்து அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. டீ குடிக்க வெயிலில் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார். மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். ஒரு வாடிக்கையாளரை இழந்த மாஸ்டர் என்னிடம் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அத்தனையும் அந்த டீயில் இருந்தது. நான்தான் தெரிந்துகொள்ளவில்லை.

எங்களோடு வேலை பார்த்த பையனுக்குப் புதுச்சத்திரத்தில் புதுமனை புகுவிழா. பந்தியில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பையனுடைய தங்கை ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். கை தவறி வாளி சரிந்து அவருடைய வெள்ளைச் சட்டை, வேட்டி எல்லாம் ரசம். அவளுடைய அம்மா அந்தக் கோடியிலிருந்து, "ஏண்டி, கண்ணை எங்க வெச்சுட்டு ஊத்தறே?" என்று ஆரம்பித்தார். அதற்குள் இவர் எழுந்தே விட்டார்.

"அவங்க மேல தப்பில்லீங்கம்மா. நான்தானுங்க கையைத் தட்டி உட்டுட்டேன்."

கொதிக்கிற ரசம். தோல் சிவந்திருந்தது. அந்தப் பெண் நன்றியோடு அவரைப் பார்த்தாள். அவர் இலையை மூடிவிட்டுக் கைகழுவப் போனார். அதை அன்று நான் அழகான செயல் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடப் போனில் சொன்னேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, படித்துச் சரிபார்க்கும் ஆட்கள் உண்மையில் என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லிவிட்டது. எங்கள் மேலாளர் பெங்களூரில் இருந்தார், எங்களை வீடியோவில்தான் பார்ப்பார். அவர் மடற்குழுவில் அண்ணனுடைய பெயரைத் தேடினார். தேடிய இடத்திலெல்லாம் "பார்த்தேன், சரியாக இருக்கிறது." ஒரு குறைகூட அவர் கண்டுபிடித்ததாக எங்கும் இல்லை.

"எல்லாத்துக்கும் தலையாட்டற ஆளுக்கு எதுக்குச் சீட்டு?" என்று மேலாளர் என்னிடமே கேட்டார். அந்த வார முடிவில் நடக்கும் கூட்டத்தில் அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடப்போவதாகச் சொன்னார்.

கண்டுபிடித்ததையெல்லாம் எங்கள் காதில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிற மனிதரைத் தலையாட்டி என்கிறார்களே. அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. மேலாளருக்கும் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு மெயில் எழுதினேன். முகவரியைச் சரிபார்க்காதது, பூட்டைத் திறக்காதது, இன்னும் நான் செய்த முட்டாள்தனங்கள் எல்லாவற்றையும் எழுதி, இவற்றை நானே கவனித்தேன் என்று சொன்னது பொய், கவனித்தவர் இவர் என்று முடித்தேன். மற்றவர்களுடைய தப்பு எதையும் தொடவில்லை, என்னுடையது மட்டும். எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. அப்பா கொட்டகையில் கத்துகிற மாதிரி கத்திவிட்டேன், இனி எல்லோரும் டீ குடிக்கலாம்.

அவர் மெயிலைப் படித்ததை நான் பார்த்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை.

கூட்டத்தில் மேலாளர் கேட்டார், "இந்த அம்மா எழுதியிருக்கறது நிஜமா? நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

அவர் ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"கண்டுபிடிக்கிறதுக்கு என்னங்க சார் இருக்குது. அது அவங்க தப்பே இல்லீங்க. அப்படி எழுதச் சொன்னது நானுங்க. நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன், பொறவு நானே போய்த் திருத்தச் சொன்னேன். எல்லாம் என்ற தப்புங்க."

பந்தியில் எழுந்து நின்ற அதே குரல்.

"பொய் சார்" என்றேன். "அவர் எதுவும் சொல்லிக் குடுக்கலை. நான் எழுதினது, நான் செஞ்சது."

மேலாளர் சிரித்தார். "ஒருத்தரை ஒருத்தர் நல்லாத்தான் காப்பாத்தறீங்க. அவர் வாயாலயே ஒத்துக்கறாரேம்மா, அப்புறம் என்ன?"

நான் மற்றவர்களைப் பார்த்தேன். தங்கை ரசம் ஊற்றிய அந்தப் பையன் உட்பட எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தப்புகளும் அவரவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் சொல்லப்பட்டவை. நான் மறுபடி பேச வாயெடுத்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்க வியர்வை. அவர் அந்த மாதிரி யாரையும் நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை. தயவுசெய்து போதும் என்று கெஞ்சுகிற பார்வை. நானும் குனிந்து மேசையைப் பார்த்தேன்.

அலுவலகப் பதிவில் அவருடைய பெயருக்கு எதிரே "தவறான வழிகாட்டல்" என்று எழுதினார்கள். சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். மேலாளர் இன்னொன்றும் சொன்னார். தன் தப்பைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்ளும் நேர்மை இந்தத் தொழிலில் அபூர்வமாம். அந்தச் சீட்டை எனக்குக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினார். நிஜமான சந்தோஷத்தோடு தட்டினார், அதுதான் கொடுமை. என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்டபோதெல்லாம் பட்டது இதன் கால்தூசு பெறாது.

அந்த மாதம் முடியும் முன்பே வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் மாலை பஸ் ஸ்டாண்டுவரை அவர் பின்னாலேயே போனேன். பரமத்தி வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"ஏண்ணா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். எங்கள் ஊர்க் குரலில், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத்தனை பேரு பாக்கறாப்ல உங்க தப்பை நீங்களே எடுத்து வெச்சுட்டு நின்னீங்க. என்னால பாக்க முடியலீங்க அம்மிணி."

"என் தப்பை நான் சொல்றேன். உங்களுக்கு என்னண்ணா அதுல?"

"தெரியலீங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான்." கொஞ்சம் நின்று, "உங்களுக்குச் சங்கடமாப் போச்சுங்களா? ஊட்டுல யாரும் கேட்டாங்களா?" என்றார்.

சீட்டுப் போனது அவருக்கு. பழி விழுந்தது அவர்மேல். கேட்பது என் சங்கடத்தை. எனக்குக் கோபம் வந்தது. அழுதுவிடுவேன் என்றும் பயமாக இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"பஸ்ஸு எடுக்கறாங்க. வாரேனுங்க" என்று ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கன்றாத பழம்.

இப்போது படிக்கிறவள் நான். குறை கண்டால் மடற்குழுவிலேயே எழுதிவிடுகிறேன், மரியாதையாகத்தான் எழுதுகிறேன். எழுந்து போய் யார் காதிலும் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் வேறெங்கோ சேர்ந்து, வேலூர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார் என்று கேள்வி. எப்போதாவது மடற்குழுவில், முகம் தெரியாத யாரோ ஒருவர் அனுப்பிய பேட்ச் அரை நாளில் திருத்தத்தோடு மறுபடி வரும். "நானே கவனித்தேன்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடியில் அவருடைய பெயர், "பார்த்தேன், சரியாக இருக்கிறது." மனுஷன் திருந்தவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

சோதனைக்காக ஒவ்வொரு முறை பிழையைச் செலுத்தும்போதும் அவர் சேர்க்கச் சொன்ன வரி திரையில் வருகிறது: இது செலுத்திய பிழை, உறுப்பில் குறையில்லை. எந்த நாட்டில் எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும் வருகிறது. எங்கள் அலுவலகப் பதிவில் அவர் பெயருக்கு எதிரே எழுதிய பிழைக்கு மட்டும் அந்த வரி இல்லை. மேலாளர் மாறிவிட்டார். புதியவர் நான் சொன்னால் கேட்பார். பொது மடற்குழுவில் எழுதினால் யாராலும் அழிக்கவும் முடியாது. பலமுறை அந்த வரியை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

அனுப்பினால் வேலூரில் அவர் அதைப் படிப்பார். படித்துவிட்டு, எனக்காக, எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.